தொடை இடுக்கில் துடிக்கும் கட்டியில் கத்தி வைக்காதீர்கள்

நெறி கட்டியிருக்கிறது என்று ஒரு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கி, அது கேட்காததால் பற்றுப் போட்டு, கடைசியில் ‘பழுத்துவிட்டது, கீறிவிடலாம்’ என்று யாரோ கத்தி வைத்த பிறகு, தொடை இடுக்கைத் துணியால் அமுக்கிப் பிடித்தபடி இன்னொருவர் அண்மையில் எங்களிடம் வந்து சேர்ந்தார். சீழ் வர வேண்டிய இடத்தில் ரத்தம் பீறிட்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்குத் தொடைத் தமனி வழியாகக் குழாய் நுழைத்து, இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்திருந்தார்கள். அதைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. நெஞ்சுக்குச் செய்த சிகிச்சைக்கும் தொடையில் வந்த கட்டிக்கும் என்ன தொடர்பு என்று அவர் மகன் என்னிடமே கேட்டார்.

தமனியில் குழாய் நுழைத்த துளை சரியாக அடைபடாவிட்டால், கசியும் ரத்தத்தைச் சுற்றியுள்ள சதை பையாகச் சூழ்ந்து தேக்கிக்கொள்ளும். இதையே சூடோ அனூரிசம் என்கிறோம். உண்மையான அனூரிசத்தில் தமனியின் சுவர் நைந்து புடைக்கிறது. இங்கே பையைச் சுற்றிச் சுவரே கிடையாது. ஆகவே அந்தக் கட்டியைக் கீறுவதும் ஓடுகிற தமனியைத் திறந்துவிடுவதும் ஒன்றுதான்.

மேலே தோல் சிவந்து, சூடாக, தொட்டால் வலிக்கும்படி இருக்கலாம். எனவே பார்வைக்குச் சீழ்க்கட்டி போலவே தெரியும். விரல் வைத்தால் நாடியோடு சேர்ந்து துடிப்பதும், ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சல் கேட்பதும் காட்டிக்கொடுக்கும். ஆனால் துடிப்பு இல்லை என்பதாலேயே சீழ்க்கட்டி என்று முடிவு கட்டக் கூடாது. உள்ளே பாதி உறைந்திருந்தால் துடிப்பு தெரியாமல் போகும். தொடை இடுக்குக் கட்டி எதுவானாலும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்காமல் கீறவோ, ஊசியால் உறிஞ்சிப் பார்க்கவோ வேண்டாம் என்று இளம் மருத்துவர்களிடம் சலிக்காமல் சொல்லிவருகிறேன். எண்ணெய் போட்டு நீவிவிடுபவர்களிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி மட்டுமே காரணம் அன்று. கத்திக்குத்து, கண்ணாடிக் கீறல், மாட்டுக் கொம்புக் காயம், எலும்பு முறிவு, அதற்குப் போட்ட ஸ்க்ரூ, பைபாஸ் ஒட்டு விட்டுப்போதல், போதை ஊசி ஆகியவற்றாலும் வரலாம். வெளிக்காயம் ஆறிப் பல வாரங்கள் கழித்தும் தலைகாட்டலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம், சற்றுக் கீழே இறங்கிப் போட்ட ஊசி, போதிய நேரம் அழுத்தாமை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். மணிக்கட்டு வழியாகச் செய்தால் தொடையில் இந்தத் தொல்லை இல்லை.

சிகிச்சை பெரும்பாலும் எளிது. ஊசித் துளையால் வந்த, 2 செ.மீ.க்கும் குறைவான, வலியில்லாத கட்டி பல நேரங்களில் தானாகவே உறைந்துவிடும் என்பதால், அடுத்தடுத்த ஸ்கேன்களில் கண்காணித்தால் போதும். பெரிதானால், ஸ்கேனில் பார்த்தபடியே பைக்குள் ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் மருந்தைச் செலுத்துகிறோம். பெரும்பாலும் சில நொடிகளிலேயே உறைந்துவிடும். ஸ்கேன் கருவியாலேயே அழுத்தி அடைப்பதும் உண்டு. ஆனால் அது நேரமெடுக்கும், நோயாளிக்கு நல்ல வலியும் கூட. பையைத் தமனியோடு இணைக்கும் கழுத்து அகலமாக இருந்தால் மருந்து தமனிக்குள் நழுவிக் காலையே அடைத்துவிடக்கூடும் என்பதால் அங்கே த்ராம்பினைத் தவிர்ப்போம். கிருமித் தொற்று, வேகமாகப் பெருத்தல், மேல்தோல் கருகுதல், காலுக்கு ரத்தம் குறைதல் என்றால் அறுவை சிகிச்சைதான். மடங்கும் இடமாகையால் இடுக்கில் ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சிறு குழாய்) வைக்கத் தயங்குவோம்.

தொடை வழியாக ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள், சொன்ன நேரம் வரை காலை மடக்காமல் படுத்திருங்கள். இருமினால் கட்டுப் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். சில நாள்கள் பாரம் தூக்காதீர்கள், குந்தி உட்காராதீர்கள். கட்டியைக் கண்டு பயந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். வீக்கமோ புது வலியோ கால் மரத்துப்போதலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் கசிந்தால் மல்லாந்து படுக்கவைத்து, கசியும் இடத்தைக் கையால் விடாமல் அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். ஆஞ்சியோ செய்த சீட்டையும் மாத்திரைகளையும் தயவுசெய்து கையோடு எடுத்து வாருங்கள்.