கொதிக்காத தண்ணீர் கொட்டியது எப்படி?

மைக்ரோவேவ் சர்வீஸுக்குப் போன ஒரு வீட்டில், அந்த அம்மா கையில் கட்டுப் போட்டிருந்தார். "கப்புல தண்ணி சும்மாதான் சார் இருந்துச்சு. காபித்தூளைப் போட்டதும் பொங்கிக் கையெல்லாம் கொட்டிடுச்சு. மெஷின்ல என்னமோ கோளாறு" என்றார். பார்த்தேன், மெஷின் நன்றாகத்தான் இருந்தது. (கோளாறே இல்லை, விசிட் சார்ஜ் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டது வேறு கதை.)

தண்ணீர் மூலக்கூறு ஒரு மின் இருமுனை. ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர் மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர் மின்னூட்டம். மின்புலம் இரண்டு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் சமமாக இழுப்பதால் மூலக்கூறு எங்கும் நகர்ந்து போகாது; புலம் இருக்கும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். பிளஸ் டூவில் திருப்புவிசை என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். மைக்ரோவேவில் புலம் 2450 மெகாஹெர்ட்ஸில் மாறுகிறது. அதாவது நொடிக்கு 245 கோடி சுற்று; சுற்றுக்கு இரண்டு என்று 490 கோடி தடவை திசை புரளும். திரும்ப முயன்று முயன்று பக்கத்து மூலக்கூறுகளோடு இடிபடுவதில்தான் சூடு பிறக்கிறது. தண்ணீர் மூலக்கூறு தானாகவே அதிரும் வேகம் (இயல்பு அதிர்வெண்) 2450 மெகாஹெர்ட்ஸ்தான் என்று சிலர் சொல்வார்கள், தவறு. தண்ணீர் அதிகம் உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸ் (20,000 மெகாஹெர்ட்ஸ்) பக்கத்தில்.

அடுப்பில் பாத்திரத்தின் அடி சுட்டு, அங்கிருந்து குமிழி கிளம்பும். இங்கே தண்ணீரே நேராகச் சூடாகிறது. வழவழப்பான கப்பில் குமிழி தொற்றிக்கொள்ள இடமில்லை என்றால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் அசையாமல் நிற்கும். தூள் விழுந்த கணத்தில் எல்லாம் ஒன்றாகப் பொங்கும். வெறும் தண்ணீரைச் சுட வைப்பதென்றால் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைப் போட்டு வையுங்கள். தேவைக்கு மேல் நேரம் வைக்காதீர்கள், மெஷின் நின்றதும் அரை நிமிடம் விட்டு எடுங்கள்.

"டிஃப்ராஸ்ட் போட்டா நின்னு நின்னு ஓடுது" என்றும் அடிக்கடி கூப்பிடுவார்கள். டிஃப்ராஸ்ட் என்றால் உறைந்த உணவை இளக்குவது; அது அப்படித்தான் ஓட வேண்டும். பனிக்கட்டியில் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் எளிதில் திரும்ப முடியாது. ஓரத்தில் கொஞ்சம் உருகினால் அந்தத் தண்ணீர் மட்டும் சூட்டை வாரிக்கொள்ளும். கோழியின் ஓரம் வெந்துவிடும், நடுவில் கல்லாக இருக்கும். இடைவெளி விட்டால்தான் சூடு உள்ளே பரவும்.

அப்புறம், குழந்தைக்குப் பால். புட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் புட்டியை நிறுத்தினால் போதும்.