குமரி மணலைப் புடைக்கும் அலை

கன்னியாகுமரி போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மூன்று கடலும் ஆளுக்கொரு நிறத்தில் மணல் கொண்டுவந்து கொட்டுவதாக அங்கே சொன்னார்கள். மெய்தானா?"

கடலுக்கு ஏது வரப்பு? நிறம் பாறையிலிருந்து வந்தது. குமரி முனையின் சார்னோகைட், கோண்டலைட் வகைப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கிடந்த காலத்தில், பூமிக்குள் ஆழத்தில் வெந்தவை. அந்த வேக்காட்டில் பிறந்ததுதான் கார்னெட் என்ற சிவப்புக் கனிமம். பாறைகள் உதிரும்போது கார்னெட், கருப்பு இல்மனைட், தோரியம் என்ற கதிரியக்க உலோகம் உள்ள மஞ்சள் மோனசைட், வெளிறிய குவார்ட்ஸ் ஆகிய கனிமங்கள் எல்லாம் கலந்தேதான் கரைக்கு வருகின்றன.

கலந்து வந்தது எப்படிப் பிரிந்தது? கனமானது முதலில் அமிழும் என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிதான். ஒரு பொடிக் கார்னெட் மணியும் அதைவிடப் பெரிய குவார்ட்ஸ் மணியும் நீரில் ஒரே வேகத்தில் இறங்கக்கூடும். குவார்ட்ஸ் நீரைப்போல 2.65 மடங்கு அடர்த்தி, கார்னெட் சுமார் 4 மடங்கு. குவார்ட்ஸுக்கு அடர்த்தியில் உள்ள குறையை அதன் பருமன் ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே அலை ஏறி ஓயும்போது இரண்டும் அக்கம்பக்கமாகவே படிகின்றன.

வேலை நடப்பது அலை திரும்பும்போதுதான். மெல்லிய தகடாக நீர் சரிவில் வழிகிறது. தரையை ஒட்டிய நீர் மெதுவாகவும் சற்று மேலே உள்ளது வேகமாகவும் ஓடும். தலையை நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய குவார்ட்ஸ் அந்த வேகத்தில் அடிபட்டு உருண்டுவிடும். பொடிக் கார்னெட்டோ இடுக்கில் பதுங்கிக்கொள்ளும். கனம் வேறு, கிளப்புவது லேசில்லை. அடுத்த அலை, அடுத்த புடைப்பு. முறத்தில் பதர் பறந்து நெல் நிற்கிற மாதிரி, கரையில் சிவப்பும் கருப்புமாகப் பட்டைகள் விழுகின்றன.

தேவியின் கல்யாணம் நின்றுபோக, விருந்துக்கு வைத்த அரிசியே மணலானது என்று ஒரு கதையும் உண்டு. அதன்மேல் எனக்குக் கோபமில்லை, கதையாகத்தான் சொல்கிறார்கள். அறிவியல் வேடம் கட்டி வருகிற 'மூன்று கடல்' விளக்கம்தான் எரிச்சல். தோரியத்துக்காக இந்த மணலை நூறாண்டாகக் கிளறியிருக்கிறோம். மணல் எப்படி நகர்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பவருக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம்.

அங்கே விற்கிற மணல் பொட்டலம் ஒன்றைத் தட்டில் கொட்டி, பழைய ஹார்ட் டிஸ்கில் கழற்றிய காந்தத்தைக் காகிதம் சுற்றிக் காட்டினேன். இல்மனைட் துள்ளி ஒட்டியது. கார்னெட் தயங்கித் தயங்கி வந்தது. குவார்ட்ஸ் தட்டிலேயே கிடந்தது.