பழைய ஹார்னெட்டுக்கு மருந்து தேடும் முன் குழலை அளந்து பாருங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். .22 ஹார்னெட் என்ற சின்ன வேட்டைத் தோட்டாவைச் சுடும் பழைய ரைஃபிளோடு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதுக்கு எந்த மருந்து, எத்தனை கிரெயின் போட்டா ஒரே இடத்துல அடிக்கும்?" (மருந்து என்பது தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்து, கிரெயின் அதை நிறுக்கும் சின்ன எடை அளவு.) அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன, அவற்றைக் கேட்காமல் மருந்தையும் குண்டையும் மாற்றி மாற்றி வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள், சில நேரம் கண்ணுக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கிற இடத்தில் சொந்த உபயோகத்துக்கு நிரப்புகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.)

ஹார்னெட் பிறந்த கதை தெரிந்தால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். 1920-களில் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையைச் சுற்றியிருந்த, ராணுவ அதிகாரியும் துப்பாக்கி எழுத்தாளருமான டவுன்சென்ட் வீலன் முதலானவர்கள், 1885-இல் வந்த .22 டபிள்யூ.சி.எஃப். என்ற பழைய தோட்டாவின் கூட்டை (மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறையை) எடுத்து, .22 ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் தட்டினால் வெடிக்கும் சிறு தோட்டா) பயிற்சி ரைஃபிளின் குழலில் வைத்துச் சோதித்தார்கள். 1930-இல் வின்செஸ்டர் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதற்கென்றே கம்பெனியில் செய்த ரைஃபிள் அப்புறம்தான் வந்தது. ரிம்ஃபயர் குழலின் இரண்டு குணங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன: 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரி (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய திருகுப் பள்ளம்), 0.223 அங்குலப் பள்ள விட்டம் (அந்தப் பள்ளங்களின் அடியில் அளந்த விட்டம்). பிற்பாடு வந்த குழல்கள் 0.224-க்கு மாறின. உங்கள் கையில் இருப்பது எது என்று துப்பாக்கியின் வயதை வைத்து ஊகிக்காதீர்கள். மென்மையான ஈயக் கட்டி ஒன்றை எண்ணெய் தடவிக் குழல் வழியாகத் தள்ளி மைக்ரோமீட்டரில் அளந்தால் தெரிந்துவிடும். 0.223 குழலில் 0.224 குண்டு போனால் அழுத்தம் கூடும், ஆகவே குழலுக்குச் சரியான குண்டையே தேடுங்கள்.

புரியை அளப்பது இன்னும் சுலபம். சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமாகத் துணி வைத்து உள்ளே விட்டு, கம்பியின் மேல் ஒரு கோடு போடுங்கள். மெதுவாகத் தள்ளும்போது அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வர எத்தனை அங்குலம் போனதோ அதுதான் உங்கள் புரி. பலர் குண்டின் எடையை மட்டும் பார்க்கிறார்கள், ஆனால் புரிக்குத் தெரிவது குண்டின் நீளம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்று ஆகிவிட்டது, அங்கே தரை அணில் அடிக்கிறவர்கள் செப்புக் குண்டுக்கு மாறினார்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்த உலோகம், அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், நீளமான குண்டை 16 அங்குலப் புரியால் நிலையாகச் சுழற்ற முடியாமல் போகலாம். காகித இலக்கில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீளத் துளை விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், மருந்தை எவ்வளவு மாற்றினாலும் தீராது. செம்பு வேண்டுமென்றால் எடை குறைந்த, குட்டையான குண்டாகப் பாருங்கள்.

அடுத்து குழல் வாய். பல வருஷம் வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைத்த ரைஃபிள்களில் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே விளிம்பின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது, பட்டறையில் விளிம்பைச் சரிசெய்ய வேண்டும். குழலுக்குள் படிந்த செம்பையும் எடுத்துவிடுங்கள், அமோனியா கலந்த கரைப்பானில் நனைத்த துணி நீலமாக வந்துகொண்டிருக்கும்வரை வேலை முடியவில்லை. கட்டையைப் பிடிக்கும் திருகுகள், தொலைநோக்கியின் பிடிகள் எல்லாம் இறுக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கு ஒன்று கட்டாயம்: போல்ட்டுக்கும் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழ்) தோட்டா உட்காரும் அறைக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அதாவது ஹெட்ஸ்பேஸை, அளவுகோல் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சுட்ட கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் கூடு அங்கே மெலிந்துகொண்டிருக்கலாம். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்கள், பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டை எறிந்துவிடுங்கள்.

இதெல்லாம் சரி என்ற பிறகுதான் மருந்து. ஹார்னெட்டின் கூடு சின்னது, உள்ளே போகும் மருந்து ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கிரெயின்தான். .30-06 என்ற பெரிய தோட்டாவில் ஐம்பது கிரெயினில் 0.3 கிரெயின் கூடினால் ஒரு சதவீதம்கூட ஆகாது, இங்கே அதே 0.3 சுமார் மூன்று சதவீதம். அதனால் தராசைத் தினமும் சோதனை எடை வைத்துச் சரிபாருங்கள். மருந்துக் கம்பெனி இப்போது வெளியிடும் அட்டவணையையே எடுத்து, அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து சிறு படிகளாக ஏறுங்கள். அட்டவணையில் உள்ள குண்டு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) எதையும் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். சில ஹார்னெட் அட்டவணைகள் சிறிய பிஸ்டல் பிரைமரைச் சொல்லும், சொன்னால் மட்டும் போடுங்கள். கூட்டின் கழுத்து மிக மெல்லியது, வாயின் உள்விளிம்பைச் சாய்வாகச் செதுக்காமல் குண்டை அழுத்தினால் கழுத்தே நசுங்கிவிடும். இன்னொன்று, வேகத்தைத் துரத்தாதீர்கள். உச்ச அளவுக்குக் கீழேயே நல்ல குழு (இலக்கில் குண்டுகள் நெருக்கமாக விழும் கூட்டம்) கிடைக்கிற ரைஃபிள்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

குழு என்றதும் சொல்ல வேண்டும்: மூன்று குண்டில் முடிவெடுக்காதீர்கள். மூன்று குண்டு அரை அங்குலத்தில் விழுந்துவிட்டது என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள், அதே தோட்டாவை மறுபடி ஐந்து ஐந்தாகச் சுட்டால் ஒன்றரை அங்குலம் விரிகிறது. குண்டு எண்ணிக்கை கூடக் கூடக் குழு விரியத்தான் செய்யும், அதுதான் உங்கள் ரைஃபிளின் உண்மையான அளவு. மெல்லிய பழைய குழல் சீக்கிரம் சூடாகும், கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்குக் குளிரும்வரை காத்திருந்து ஐந்து ஐந்தாக, வெவ்வேறு நாட்களில் சுடுங்கள். 100 கஜத்தில் ஐந்து குண்டும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் தொடர்ந்து விழுந்தால், கிரவுண்ட்ஹாக் என்ற பெரிய அணில்வகைப் பிராணியின் வேட்டைக்கு 150 கஜம்வரை அது தாராளம், அதற்கு மேல் மருந்தைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, பழைய ரைஃபிளோடு பழைய தோட்டாப் பெட்டியும் கூடவே வரும், யாரோ கையால் நிரப்பியது, மேலே பென்சிலில் அரைகுறையாக ஒரு எழுத்து. அதைச் சுடவே சுடாதீர்கள். எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. குண்டு பிடுங்கும் சுத்தியல் வைத்துப் பிரியுங்கள், குண்டுகளை எடுத்து விட்டத்தை அளந்து வைத்துக்கொள்ளலாம், மருந்தை மறுபடி எதிலும் நிரப்பாமல் தோட்டத்து மண்ணில் மெல்லியதாகத் தூவிவிடுங்கள்.