பழைய வீட்டின் நகல் வார்ப்புரு ஆகாது

களியக்காவிளையில் உட்கார்ந்து எல்லைக்கு இருபுறமும் வீடு வரைபவன் நான். ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருள் பழகிய புதிதில், முடித்த கோப்பை வேறு பெயரில் சேமித்து, பழைய வீட்டை அழித்துவிட்டுப் புதியதை வரைவேன். வேகமாகத்தான் இருந்தது. ஒருநாள், கேரளப் பக்கத்து வீடு ஒன்றின் அனுமதி வரைபடம் முந்தைய வீட்டுக்காரரின் ரீசர்வே எண்ணோடு (மறுஅளவை நில எண்) போய், திரும்பி வந்தது. தவறு முழுக்க என்னுடையது.

அதன்பிறகுதான் ஒழுங்காக வார்ப்புரு, அதாவது ஒவ்வொரு புது வேலையையும் தொடங்குவதற்கான மாதிரிக் கோப்பு, செய்தேன். உரிமையாளர் பெயர், சர்வே எண், கிராமம், தாலுகா எல்லாம் திட்டத் தகவலில் ஒரே இடத்தில். எல்லாத் தாள்களின் தலைப்புக் கட்டமும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டங்களை வெறுமையாக விடாமல் ‘நிரப்புக’ என்று எழுதி வைத்தேன். வெற்றிடம் கண்ணில் படாது, இது உறுத்தும்.

அடுத்தது கிணறு. நம் பக்கத்தில் கிணறில்லாத மனை அபூர்வம். கேரளக் கட்டட விதிகள் குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் செப்டிக் டேங்க்குக்கு இடம் தருவதில்லை. எனவே கிணற்று ஃபேமிலிக்குள்ளேயே (ஃபேமிலி என்பது ரெவிட்டில் எடுத்து வைக்கும் ஆயத்த உருப்படி) அந்த ஆரத்தில் ஒரு விட்டுவிட்ட கோட்டு வட்டம் போட்டிருக்கிறேன். மனை வரைபடத்தில் மட்டும் அது தெரியும். பத்து சென்ட் மனையில் அந்த வட்டம் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்று பார்த்தபின், வீட்டை எங்கே வைப்பது என்ற பேச்சே மாறிவிடும்.

சென்ட் என்றதும் இன்னொன்று. வரைபடத்துக்குச் சதுர மீட்டர் வேண்டும். வீட்டுக்காரர் பேசுவது சென்ட்டும் சதுர அடியும். பரப்பு அட்டவணையில் 40.47-ஆல் வகுக்கும் ஒரு கணக்கீட்டுப் பத்தி சேர்த்தால் கால்குலேட்டர் தேவையில்லை.

தமிழ்நாட்டு விதிகளும் கேரள விதிகளும் 2019-இல் வந்தவையே. ஆனாலும் ஒன்று மற்றொன்றாகாது. அதனால் இரண்டு வார்ப்புருக்கள் வைத்திருக்கிறேன். வெட்டுக்கல் சுவர் ஒன்றில், 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் மற்றதில். சோபா, கார், தென்னை மரம் எதிலும் இல்லை. இணையத்தில் இறக்கிய ஃபேமிலிகளைக் குவித்தால் கோப்பு பருத்து, திறக்கவே தேநீர் நேரம் ஆகும்.

வார்ப்புருவை, கூட்டாளிகளிடம் இருப்பதிலேயே பழைய பதிப்பில் சேமியுங்கள். புதிய ரெவிட்டில் சேமித்ததைப் பழையது திறக்காது. இன்னொன்று: வார்ப்புருவைத் திருத்தினால் ஏற்கெனவே தொடங்கிய வேலைகள் தாமாக மாறிவிடாது. நடந்துகொண்டிருக்கும் கோப்புக்குத் தர அமைப்புகளைக் கடத்தும் கட்டளையை நீங்கள்தான் இயக்க வேண்டும். நான் திருத்திய தேதியைத் தொடக்கப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.