சைடு ப்ராஜெக்ட்: கிளைக்குழு என்று சொன்னால் என்ன?

பெரிய நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த ராக் இசையான இண்டி ராக் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் காலை வாரிவிடுகிற சொல் இதுதான். பெயர் பெற்ற ஒரு பேண்டில் இருப்பவர், அதை விட்டு விலகாமலே, வேறு ஆட்களோடு சேர்ந்து வேறொரு பெயரில் பாட்டு வெளியிடுகிறார், அதுதான் சைடு ப்ராஜெக்ட். "விலகாமலே" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான். நிர்வாணா என்ற பேண்ட் 1994-ல் முடிந்துபோன பிறகு அதன் டிரம்மர் டேவ் க்ரோல் தொடங்கிய ஃபூ ஃபைட்டர்ஸ் சைடு ப்ராஜெக்ட் ஆகாது, அது அவருடைய அடுத்த பேண்ட். 2022-ல் முதல் ஆல்பம் வெளியிட்ட த ஸ்மைல் வேறு கதை: தாம் யார்க்கும் ஜானி கிரீன்வுட்டும் ரேடியோஹெட் பேண்டில் இருந்துகொண்டே, டாம் ஸ்கின்னர் என்கிற டிரம்மரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ப்ராஜெக்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'ப்ரோ' என்றால் முன்னே, 'யாகெரே' என்றால் எறிதல், ஆக முன்னால் எறியப்பட்டது என்பதுதான் மூலப்பொருள். படம் காட்டும் ப்ரொஜெக்டரும் இதே வேர்தான். மனதில் முன்கூட்டி எறிந்து பார்ப்பது என்ற வழியில் அது 'திட்டம்' ஆனது, நம் அகராதிகளும் அந்தப் பொருளைத்தான் பிடித்துக்கொண்டன. அதை அப்படியே எடுத்து 'பக்கத் திட்டம்' என்று போட்டால் ஏதோ அரசாணை மாதிரி இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இவற்றில் பலவற்றில் திட்டம் என்று எதுவுமே இருப்பதில்லை.

த போஸ்டல் சர்வீஸையே பாருங்கள். டெத் கேப் ஃபார் க்யூட்டியின் பாடகர் பென் கிப்பர்ட், டென்டெல் என்ற பெயரில் எலக்ட்ரானிக் இசை செய்துவந்த ஜிம்மி டம்பொரெல்லோவின் 2001 ஆல்பத்தில் ஒரு பாட்டுப் பாடினார், அது நன்றாக வந்துவிட்டது, அவ்வளவுதான் தொடக்கம். ஒருவர் சியாட்டிலில், இன்னொருவர் லாஸ் ஏஞ்சல்ஸில், பதிவுகளைத் தபாலில் அனுப்பி அனுப்பியே 2003-ல் 'கிவ் அப்' ஆல்பத்தை முடித்தார்கள், பெயரும் அப்படி வந்ததுதான். அமெரிக்கத் தபால் துறை பெயரைப் பார்த்து நோட்டீஸ் விட்டது, அப்புறம் சமாதானமாகி அனுமதியும் கொடுத்தது. ஓய்வு நேரத்தில் செய்த அந்த ஒரே ஆல்பம் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இதைப் போய் யார் திட்டமிட்டார்கள்?

அதனால் 'திட்ட'த்தை விட்டுவிட்டுக் 'குழு'வைப் பிடிக்கலாம். முன்னால் என்ன போடுவது? 'துணைக்குழு' என்றால் கமிட்டி. 'பக்கக்குழு' என்றால் பக்கவாத்தியம் நினைவுக்கு வந்து, யாருக்கோ பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் என்றாகிவிடும். இரண்டு மரங்களைச் சேர்த்து வளர்ப்பதுபோல 'ஒட்டுக்குழு' என்று எனக்கு ஒருமுறை தோன்றியது, நல்லவேளை எங்கும் எழுதவில்லை. ஈழத்தமிழர் அரசியல் பேச்சில் அதற்குக் கசப்பான வேறு பொருள் உண்டு: அரசுப் படைகளோடு ஒட்டிக்கொண்டு இயங்கிய ஆயுதக்குழு.

என் தேர்வு 'கிளைக்குழு'. கிளைக்கதை, கிளைமொழி என்று ஏற்கனவே பழகிய அச்சுதான். முக்கியமாக, தாய்மரம் இன்னும் நிற்கிறது என்பதை 'கிளை' சொல்லாமல் சொல்லிவிடுகிறது. வங்கிக் கிளை மாதிரி ஒலிக்கிறதே என்று ஒருவர் கேட்டார், 'இசை' என்று ஒரு சொல் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் அந்தக் குழப்பம் வராது.

கிளை எப்போதும் கிளையாகவே இருப்பதுமில்லை. பிக்ஸீஸின் கிம் டீலும் த்ரோயிங் மியூசஸின் டான்யா டோனெலியும் சேர்ந்து தொடங்கிய த ப்ரீடர்ஸ், 1990-ல் 'பாட்' ஆல்பத்தோடு வந்தபோது கிளைக்குழு. 1993-ல் பிக்ஸீஸ் கலைந்தது, அதே ஆண்டு ப்ரீடர்ஸின் 'லாஸ்ட் ஸ்பிளாஷ்' வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. டைனோசர் ஜூனியரில் பேஸ் வாசித்த லூ பார்லோ ஓரமாகச் செய்துகொண்டிருந்த செபடோவும் அப்படித்தான், 1989-ல் அவரை அங்கிருந்து வெளியேற்றியதும் அதுவே அவருக்கு முழுநேரக் குழு. ஆலமரத்தில் விழுது தரைதொட்டு வேர்பிடிப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் இந்த நிலைக்கும் சைடு ப்ராஜெக்ட் என்றே பல வருடம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சூப்பர்குரூப் வேறு. அதில் எல்லாருமே முன்பே பெயர் பெற்றவர்களாக இருக்கவேண்டும், 2009-ல் ஆல்பம் போட்ட மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபோக் மாதிரி. ஒரே குழு கிளைக்குழுவாகவும் சூப்பர்குரூப்பாகவும் இருக்கலாம்.

'இண்டி'க்கு 'சுயாதீன' என்பது ஓரளவு வழக்கத்துக்கு வந்துவிட்டது, பெரிய நிறுவனங்களைச் சாராத லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) என்ற மூலப்பொருளுக்கும் அது சரி. 'ராக்' மட்டும் அப்படியே இருக்கட்டும். அது அசைந்தாடுவதைக் குறிக்கும் ராக், தயவுசெய்து 'பாறை இசை' வேண்டாம்.

ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. அனிமல் கலெக்டிவ் பேண்டின் நோவா லெனாக்ஸ், பாண்டா பேர் என்ற பெயரில் தனி ஆளாகச் செய்வதைக் 'குழு' என்று எப்படிச் சொல்வது? அங்கே மட்டும் 'கிளைமுயற்சி' என்று எழுதிவருகிறேன்.