பி.பி.ஓ.: யார் விலாசத்துக்கு வேலை?

கானாடுகாத்தானில் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய ஆச்சி ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் வீட்டின் இரண்டாங்கட்டில், முன்பு சீர்ச் சாமான்களை அடுக்கி வைத்திருந்த அறையில், பேத்தி மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள். மதியம் ஒன்றரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு பத்தரை ஆகும். கோடையில் இங்கிலாந்தின் காலை ஒன்பது மணி நமக்கு மதியம் ஒன்றரை. காப்பீட்டுப் பணம் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் அனுப்பும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை.

நான் போயிருந்த ஒரு நாள் ஆச்சி அவளிடம் கேட்டார்: "ஆத்தா, நீ யார் விலாசத்துக்கு வேலை பார்க்கிறாய்?"

மற்ற ஊர்களில் விலாசம் என்றால் முகவரி. செட்டிநாட்டில் அது கடையின் பெயரும்கூட. பாட்டன், தகப்பன், பிள்ளை என்று பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அந்த மூன்று நான்கு எழுத்துகள் ரங்கூனிலும் பினாங்கிலும் பலகையில் இருந்தன. பேரேட்டின் முதல் பக்கத்தில் இருந்தன. கடன் பத்திரத்தில் கையெழுத்தோடு விழுந்தன. பேத்தியால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் பேச நேர்ந்தால் அவள் சொல்வது ஓர் ஆங்கிலேயக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை. வேலையை நடத்துவது சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் இன்னொரு நிறுவனம். சம்பளம் வருவதோ ஆள் சேர்த்துக் கொடுக்கும் மூன்றாவது நிறுவனத்திடமிருந்து. "பி.பி.ஓ., அப்பத்தா" என்று முடித்துவிட்டாள். ஆச்சி என் பக்கம் திரும்பி, "அப்படியென்றால் என்ன?" என்றார்.

மூன்றெழுத்தின் விரிவு பிசினஸ் பிராசஸ் அவுட்சோர்சிங். இதில் அவுட்சோர்ஸ் என்ற வினைச்சொல் ஆங்கிலத்துக்கே புதியது. 1979 வாக்கில்தான் அச்சில் தென்படத் தொடங்குகிறது. அதற்குள் இருக்கும் சோர்ஸ் மிகப் பழையது. பழைய பிரெஞ்சு மொழியில் அது நீரூற்றைக் குறித்தது. 'மேலெழு' என்ற பொருளுள்ள லத்தீன் வினை அதற்கு வேர். ஆக, தன் ஊற்றில் எடுக்காமல் வெளி ஊற்றில் நீர் எடுத்து வருவது என்ற படம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஊருணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம் ஊருணி வற்றினால் பக்கத்து ஊருக்குக் குடம் எடுத்துப் போகிறோம். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைக்கு வயிற்றுக்கு ஆகவில்லை என்றால் யாரைக் கேட்பது? சொல்லின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிசினஸ் என்பதை வணிகம் என்று பெயர்த்துவிடுகிறார்கள். அது இங்கே சரிவராது. சம்பளப் பட்டியல் போடுவது, விண்ணப்பம் சரிபார்ப்பது, புகார் கேட்பது, ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவது ஆகியவை எல்லாம் வணிகத்துக்குப் பின்கட்டில் நடப்பவை. இவற்றுக்குத் தமிழில் நல்ல சொல் அலுவல். கால் சென்டர் என்ற அழைப்பு மையம் இந்த அலுவல்களில் ஒரு பகுதி. தொலைபேசியைத் தொடாமலே ஆயிரக்கணக்கானவர்கள் இத்துறையில் வேலை பார்க்கிறார்கள்.

அவுட்சோர்சிங்குக்குத் தமிழில் ஏற்கெனவே சில சொற்கள் வழங்குகின்றன. 'புறத்திறனீட்டம்' அவற்றில் ஒன்று. வெளியிலிருந்து திறனைப் பெறுதல் என்று மூலச் சொல்லின் திசையைச் சரியாகப் பிடித்திருக்கிறது; ஆக்கியவரைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் நாவில் ஏறவில்லை. அரசு ஆணைகள் 'வெளிமுகமை' என்கின்றன. முகமை என்பது ஏஜென்சி. எனவே இது செயலைச் சொல்லாமல் செய்பவரைச் சொல்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்து போராடினார்கள். இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனதுதான் காரணம். அதே தெரு, அதே குப்பை. ஆனால் வேலைக்கு எடுப்பவர் வேறு ஒருவராகிவிட்டார்.

மிகுதியாகப் பரவியிருப்பது 'அயலாக்கம்'. எனக்கு உடன்பாடில்லாத சொல்லும் அதுதான். அயல் என்றதும் அயல்நாடு நினைவுக்கு வந்துவிடுகிறது. கடல் கடந்து போகும் வேலையெல்லாம் அவுட்சோர்சிங், உள்ளூரில் நடப்பது வேறு என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். உண்மையில் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். வேலை எந்த ஊரில் நடக்கிறது என்பது ஒன்று. யார் பொறுப்பில் நடக்கிறது என்பது மற்றொன்று. ரிப்பன் மாளிகைப் போராட்டத்தில் கடல் எங்கே வந்தது?

இந்த வேறுபாட்டை விளக்கச் செட்டிநாட்டை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்ப் பர்மாவின் நெல்லுக்குச் சந்தை விரிந்தது. வயலாக்கக் கடன் தேவைப்பட்டது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே போனார்கள். அப்படிப் போவதற்கு இங்கே 'கொண்டுவிற்கப் போதல்' என்று பெயர். 1929-30-இல் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அந்நாட்டு வங்கித் தொழில் விசாரணைக் குழு கணக்கிட்டது. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். ரங்கூன் கடையை நடத்துபவர் ஏஜென்ட். அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள். எல்லாருக்கும் இளையவன் பெட்டியடிப் பையன். கணக்குப் பெட்டியின் அடியில் உட்கார்ந்து தொழில் கற்பதால் அந்தப் பெயர். (இன்றைய பி.பி.ஓ. துறையும் ஆளை உட்காரும் இடத்தைக் கொண்டுதான் எண்ணுகிறது. சிறு நகரங்களுக்கு இத்துறையைக் கொண்டுபோக ஒன்றிய அரசு வகுத்த திட்டத்தின் இலக்கு 48,300 'இருக்கைகள்', ஒதுக்கீடு 493 கோடி ரூபாய்.)

ஆச்சி தன் மாமனாரின் சம்பளச் சீட்டைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். எட்டாக மடித்த தாள். மடிப்புகளில் கிழிந்து நூல் நூலாக நின்றது. உச்சியில் 'சிவமயம்'. அடுத்து தமிழ் ஆண்டின் பெயரும் மாதமும். மூன்று வருடக் கணக்குக்கு இவ்வளவு சம்பளம், அதில் வீட்டுக்கு முன்னதாகக் கொடுத்தது இவ்வளவு என்று தமிழ் எண்களில் எழுதியிருந்தது. இவற்றோடு, மற்ற எழுத்துகளை விடப் பெரிதாக, கடையின் விலாசம். ஏஜென்ட் அதிகாரப் பத்திரத்தோடு போவார். ரங்கூனில் அவர் போட்ட கையெழுத்து முதலாளியைக் கட்டும். கடல் நடுவில் இருந்தாலும் விலாசம் ஒன்றே. அதனால் அது கடல்கடந்த பணியே தவிர அவுட்சோர்சிங் அன்று. 'அயலாக்கம்' இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

அந்த முறையில் குறையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கடைகளின் கைக்கு வந்தது. 1937-38-இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு வயல் செட்டியார் வசம் இருந்தது. நிலத்தை இழந்தவன் பார்த்த முகம் ஏஜென்டின் முகம். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய முதலாளியை அவன் கண்டதேயில்லை. தொலைவு பழியை மங்கச் செய்யும் என்பது நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆனாலும் விலாசம் எழுதியிருந்தது. யார் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருந்தது.

இனி ஒரு முழுமையான அவுட்சோர்சிங் நிறுவனத்தைப் பார்ப்போம். பிரிட்டனின் காப்பிட்டா 1984-இல் அரசு நிதிக் கணக்கர்களின் தொழில் அமைப்பு ஒன்றுக்குள் சிறு பிரிவாகத் தொடங்கியது. ராட் ஆல்ட்ரிட்ஜும் உடனிருந்தவர்களும் 1987-இல் அதை விலைக்கு வாங்கித் தனி நிறுவனம் ஆக்கினார்கள். 1989-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. உள்ளாட்சிகளின் அலுவல்களை ஒவ்வொன்றாக ஏற்று வளர்ந்தது. லண்டன் நகருக்குள் வரும் வாகனங்களுக்கு 2003-இல் விதிக்கப்பட்ட நெரிசல் கட்டணத்தை வசூலித்ததும், தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை வசூலித்ததும் இந்த நிறுவனம்தான். பங்குச் சந்தையில் அந்நாட்டின் முதல் 100 நிறுவனங்களின் குறியீட்டிலும் இடம் பிடித்தது. 2006 மார்ச்சில், ஆளும் தொழிற்கட்சிக்குத் தாம் 10 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது வெளியானதும் ஆல்ட்ரிட்ஜ் பதவி விலகினார். அரசுப் பணிகளை ஏற்கும் நிறுவனத்தின் தலைவர் ஆளுங்கட்சிக்குக் கடன் கொடுக்கலாமா என்ற கேள்வியை அவரால் கடக்க முடியவில்லை. இந்தியாவிலும் மும்பை, புணே ஆகிய ஊர்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு.

அதைச் சுற்றிய சர்ச்சைகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ராணுவ ஆள்சேர்ப்பு. 2012-இல் பத்தாண்டுகளுக்கு 49.5 கோடி பவுண்டு மதிப்பில் ஒப்பந்தம். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அலுவலைப் பிரிட்டிஷ் ராணுவம் காப்பிட்டாவிடம் கொடுத்தது. தொடங்கியதிலிருந்து 2018 வரை ஓர் ஆண்டுகூட இலக்கை எட்டவில்லை. 2018 டிசம்பரில் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் நெஞ்சு கனக்கும். அந்த நிதியாண்டின் முதல் ஆறு மாதங்களில், விண்ணப்பித்துப் பயிற்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேருக்கு 321 நாட்கள் வரை ஆகியிருந்தன. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் தாங்களாகவே விலகிவிட்டார்கள். இணையவழிச் சேர்ப்புக்கான மென்பொருள் 52 மாதங்கள் தாமதமாக வந்தது. தவறு யாருடையது? மென்பொருளை நிறுவத் தேவையான கணினிக் கட்டமைப்பைத் தருவதாக ஒப்புக்கொண்ட பாதுகாப்புத் துறையே முதலில் வாக்குத் தவறியிருந்தது. பின்னர் காப்பிட்டாவின் பணியும் தடுமாறியது. ஒப்பந்தத்தின் இரு முனையிலும் ஓட்டை. இடையில் காத்திருந்த இளைஞனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை.

இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையிலும் இதே கதை. முதல்நிலை மருத்துவர்களுக்கான பின்கட்டு அலுவல்களைக் காப்பிட்டா 2015-இல் ஏற்றது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் கடிதங்களும் முடிவுக் கடிதங்களும் 40,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகவில்லை என்று 2018-இல் தெரியவந்தது. பின்னர் அந்த அழைப்புப் பணி மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது. கடிதம் அனுப்புவது சில்லறை வேலை என்று நினைத்துத்தான் வெளியே கொடுக்கிறார்கள். அந்தக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் பெண்ணுக்கு அது சில்லறையா?

2018 ஜனவரியின் கடைசி நாளில் காப்பிட்டாவின் பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறைய பாதியானது. 2023 மார்ச்சில் அதன் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். 66 லட்சம் பேரின் விவரங்கள் போயின. 2025 அக்டோபரில் தகவல் ஆணையர் அலுவலகம் 1.4 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. விவரம் பறிபோனவர்களில் பலர் தங்கள் ஓய்வூதிய நிதியிடம் விவரம் கொடுத்தவர்கள். காப்பிட்டாவிடம் அவர்கள் எதையும் கொடுத்ததாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் பார்த்தபின் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலம் வேலையைக் கொடுப்பவரையும் வாங்குபவரையும் அவுட்சோர்சிங் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழில் அந்த வறுமை வேண்டியதில்லை. கொடுக்கும் பக்கத்துக்கு 'அலுவல் ஒப்படைப்பு' என்று எழுதலாம். கொடுத்துவிட்டேன் என்பதும் ஒப்படைத்தேன் என்பதும் ஒன்றல்ல. ஒப்படைத்தவருக்குத் திரும்பக் கேட்கும் உரிமையும் கடமையும் உண்டு. வாங்கும் பக்கத்துக்கு 'அலுவலேற்பு'. பி.பி.ஓ. நிறுவனம் என்பது அலுவலேற்பு நிறுவனம். பழைய நூல்களில் ஏற்றல் என்பது இரத்தலையும் குறிக்குமே என்று புலவர்கள் கேட்கக்கூடும். பதவியேற்பு, பொறுப்பேற்பு என்று நாள்தோறும் எழுதும் நமக்கு அந்தப் பழம்பொருள் தடையாகாது. வெளிநாட்டு வேலையானால் முன்னால் 'கடல்கடந்த' என்று சேர்த்துக்கொள்ளலாம். வெளிமுகமை, ஆள் அனுப்பும் முகமைக்கு மட்டும் இருக்கட்டும். பேச்சில் பி.பி.ஓ. என்பதை யாராலும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஒப்பந்தத்திலும் செய்தியிலும் பாடப் புத்தகத்திலும் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பதே நான் கேட்பது.

சட்டத்துக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலையை ஒப்படைத்த 'முதன்மை வேலையளிப்பவர்' தர வேண்டும் என்றது.

இதையெல்லாம் ஆச்சியிடம் சொன்னபோது அவர் பேத்தியின் நியமனக் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். பதினொரு பக்கம். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தோம். சம்பளம் தருபவர் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. அலுவலேற்பு நிறுவனத்தின் பெயர் ஆறாம் பக்கத்தில், பணியிடம் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு முறை வந்தது. ஒப்படைத்தவர் என்று எழுத இடம் தேடினோம். தொலைபேசியில் எந்தப் பெயரைச் சொல்லி அவள் பேசுகிறாளோ, அந்தப் பெயர் பதினொரு பக்கத்திலும் இல்லை.