அரிப்புக்குப் போட்ட சொட்டு மருந்தும் இருபது வயதில் வரும் குளுக்கோமாவும்

கண் அரிக்கிறது என்று மெடிக்கல்ஸில் கேட்டு வாங்கிய ஒரு ஸ்டீராய்டு சொட்டு மருந்து. இரண்டே நாளில் சிவப்பு போய்விடும். அப்புறம் சித்திரை வெயில் வந்தால் அதே பாட்டில், லாரிப் புழுதி பட்டால் அதே பாட்டில். மூன்று நான்கு வருடம் கழித்து, பஸ் நம்பர் மங்கலாகத் தெரிகிறது என்று கண் டாக்டர்களான எங்களிடம் வரும்போது கண் அழுத்தம் 40-ஐத் தாண்டியிருக்கும், பார்வை நரம்பு வெளுத்திருக்கும். வயது பதினெட்டோ இருபதோதான். காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று ஊர்ப் பெயர் மாறுகிறது. வருகிற நிலைமை மாறவில்லை. இந்த மாதமும் மாறவில்லை.

பெரும்பாலும் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்தான் குளுக்கோமா. அது யாருக்கு வரும் என்றால் ஒரு பட்டியல் உண்டு: நாற்பது வயதைக் கடந்தவர்கள், அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள். வயதையும் பரம்பரையையும் யாரும் மாற்ற முடியாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் நாமே காசு கொடுத்து வாங்கி வந்து கண்ணில் விட்டுக்கொள்கிறோம்.

"அதைப் போட்டாத்தான் டாக்டர் கண்ணு நல்லாருக்கு." இந்தப் பேச்சுதான் எரிச்சலூட்டுகிறது. ஸ்டீராய்டு எந்தச் சிவப்பையும் அடக்கிவிடும். தூசி அலர்ஜியோ, மெட்ராஸ் ஐயோ, கருவிழியில் பூஞ்சைப் புண்ணோ, எதுவானாலும் முதல் இரண்டு நாள் கண் வெளுத்துக் குளிர்ந்துவிடும். பூஞ்சைப் புண் உள்ளே ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும்போதுகூட அப்படித்தான் தோன்றும். மெட்ராஸ் ஐ வைரஸால் வருவது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். ஆறினதும் பெயர் சொட்டு மருந்துக்குப் போகிறது, அடுத்த வருடம் வீட்டில் எல்லோருக்கும் அதே மருந்து. கண்ணில் சிவப்பு அடங்கியதை வைத்து நோய் போய்விட்டது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள்.

சிவப்பு அடங்கியிருக்கும் அதே வாரங்களில்தான் அழுத்தம் ஏறும். வழக்கமான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது ஓரளவு கூடும். நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாக ஏறும். பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் ஏறிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். மெல்ல ஏறுவதால் வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து குறையும், ஒரு கண் விட்டதை மற்றது ஈடுகட்டும். அதனால் கடைசிவரை பார்வை சோதிக்கும் போர்டில் எழுத்தைக் கடைசி வரிசைவரை படித்துவிடுவார்கள். மருந்தை நிறுத்தினால் சில வாரத்தில் அழுத்தம் இறங்கலாம். வருடக்கணக்கில் போட்டிருந்தால் இறங்காமலும் போகலாம். போன நரம்பு எப்படியும் திரும்பாது.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விட்டுவிடுங்கள். கீழே பொடி எழுத்தில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் என்று 'சோன்', 'லோன்' என முடியும் பெயர் இருந்தால் ஸ்டீராய்டு என்று சந்தேகப்படுங்கள். ஆன்டிபயாட்டிக்கோடு கலந்தும் வரும். "இது வெறும் ஆன்டிபயாட்டிக்தான்" என்று கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கலவையைத்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. முகம் வெளுக்கப் பூசும் சில க்ரீம்களிலும் ஸ்டீராய்டு உண்டு, இமையோரம் பூசினால் கண்ணுக்குள் போகும்.

அதற்காக நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு அவசியம், எழுதிக் கொடுத்தபடி வாரம் வாரம் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஸ்டீராய்டு உள்ள ஆஸ்துமா இன்ஹேலரையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எத்தனை நாள் போட வேண்டும், கண் அழுத்தம் பார்க்க எப்போது வர வேண்டும்? மிச்சமிருக்கும் ஆபரேஷன் சொட்டு மருந்தைப் பேரனுக்கு விடுகிற பழக்கத்தை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். திறந்த பாட்டிலின் ஆயுளும் ஒரு மாதம்தான்.

"நான் பிரஷர் மாத்திரை போடுறேன், அப்ப கண் பிரஷரும் சரியாத்தானே இருக்கும்?" இல்லை. அது வேறு, இது வேறு.

இந்த வடசென்னைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பாக்ஸிங் ரிங்கில் குத்து, வியாசர்பாடி கிரவுண்டில் முழங்கை, படகில் கயிறு அறுந்து அடித்தது என்று கண்ணில் பலமாக அடிபட்டிருந்தால், அன்றைக்கு வீக்கம் வற்றியதோடு விட்டுவிடாதீர்கள். அழுத்தம் பல வருடம் கழித்தும் ஏறலாம். வருடம் ஒருமுறை பரிசோதனை, அடிபட்ட கண் எது என்று மறக்காமல் சொல்லி.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது குளுக்கோமா பரிசோதனை ஆகாது. அழுத்தம் அளக்க வேண்டும், கருவிழியின் தடிமன் பார்க்க வேண்டும் (மெல்லிய கருவிழியில் அழுத்தம் குறைவாகக் காட்டும்), கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி செய்ய வேண்டும், நரம்பை நேராகப் பார்க்க வேண்டும். அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு போகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சந்தேகம் இருந்தால், ஓரப் பார்வை குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் பார்வைப் புல சோதனையும் உண்டு. சென்னை குளுக்கோமா ஆய்வில் நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அது தெரியவே தெரியாது.

அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் எழும்பூர் கண் மருத்துவமனையிலும் இதைப் பார்க்கலாம். வரும்போது இதுவரை போட்ட பாட்டில், டியூப் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "வெள்ளை மூடி, சின்ன பாட்டில்" என்றால் எங்களுக்கு எதுவும் புரியாது. வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியாகியிருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கையையும் கூட்டி வாருங்கள். பரிசோதனைக்காகக் கண் பாப்பா விரியச் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் மங்கும்; பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுத் துணைக்கு ஓர் ஆளோடு வாருங்கள்.